மூன்று காரணங்கள்

மார்ச் 5, புதன்

"டீச்சர், பொய் லீவு லெட்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஏழாம் வகுப்பு அலங்காரமேரி ஒருமுறை என்னிடம் கேட்டாள். தெரிந்துகொள்ளக் கேட்டாளா, தப்பித்துக்கொள்ளக் கேட்டாளா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன். உண்மைக்கு ஒரு காரணம் போதும். பொய்க்குக் குறைந்தது மூன்று வேண்டும். எடுத்துக்காட்டாக, 'எனக்கு அம்மை போட்டிருக்கிறது' என்று எழுதுகிறவளுக்கு உண்மையிலேயே அம்மை போட்டிருக்கும். 'தலைவலி, மேலும் மாமா வந்திருக்கிறார், மேலும் பஸ் வரவில்லை' என்று எழுதுகிறவள் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருப்பாள். முப்பத்தொரு வருடத்தில் இந்த விதி என்னைக் கைவிட்டதில்லை. மருமகள் ஜெசிந்தா கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கேள்வி இன்று ஞாபகம் வரக் காரணம் இருக்கிறது. காலையில் சாப்பாட்டு மேசைமேல் ஜெசிந்தாவின் கைப்பைக்கு அடியில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருப்பதைப் படிப்பதில் தவறில்லை. நான் முழுதாக வெளியே எடுத்துப் படித்தேன் என்பது வேறு.

அவள் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கிக்கு எழுதிய விண்ணப்பம். 'சொந்தக் காரணங்களுக்காக ஓராண்டு காலம் சம்பளமில்லா விடுப்பு வழங்குமாறு' கேட்டிருக்கிறாள். தேதி போடவில்லை. கையெழுத்தும் இல்லை.

மூன்று காரணம் எழுதியிருந்தால்கூட ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். இதில் ஒரு காரணம்கூட இல்லை. பதினான்கு வருடமாக ஒழுங்காக வேலைக்குப் போகிறவள் திடீரென்று ஒரு வருடம் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்? நான் பணியில் இருந்த காலம் முழுவதும் சம்பளமில்லா விடுப்பு ஒரு நாள்கூட எடுத்ததில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கண்காணிக்க வேண்டும்.

மாலை சாம்பல் புதன் பூசைக்குக் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இந்தத் தவக்காலத்துக்குக் காப்பியை விடுவதாக முடிவு. வயிற்றுக்கு ஆகவில்லை, பாலும் முன்னைப்போல் இல்லை, டம்ளர் வேறு ரொம்பச் சுடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

பங்குத் தந்தைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். இருபத்திரண்டு வருடமாகக் கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறேன். இந்த முறை பெரிய வெள்ளிக்கு என்னைப் போட வேண்டாம் என்று எழுதினேன். தொண்டை சரியில்லை, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, இளையவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

சீட்டை எடுத்துப்போன கமருன்னிசா, "என்ன டீச்சர், எழுத்து எறும்பு மாதிரி ஊருது?" என்றாள். மாடி வீட்டுக்காரி. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பேனா சரியில்லை என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ஜெசிந்தா பால்கனியில் நின்று குவைத்துக்குப் பேசினாள். மகன் டோமினிக்குடன்தான். நான் துணி எடுக்கப் போனேன். வெயிலில் காய்ந்த துணியை எடுப்பது என் உரிமை.

"ஒரு வருஷம்தாங்க. போஸ்ட் போனா போகட்டும்" என்றாள். பிறகு, "அவங்களுக்கு இப்ப தெரிய வேணாம்" என்றாள். என்னைப் பார்த்ததும், "சரி, சாப்பிட்டீங்களா? என்ன குழம்பு?" என்றாள். குவைத்தில் அப்போது மதியம் இரண்டரை. டோமினிக் அந்த நேரத்தில் சாப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வகுப்பில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்பெஞ்சில் சலசலப்பு. நான் திரும்பினால் எல்லோரும் வாய்ப்பாடு சொல்வார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

'அவங்களுக்கு' என்றால் எனக்கு. வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்?

மார்ச் 14, வெள்ளி

ஒரு கோணத்தில் யோசித்தேன். வங்கியில் ஏதோ தவறு நடந்து அவளை வெளியே நிறுத்தியிருப்பார்களோ? தினமும் சேலை கட்டிக் கிளம்புவது நாடகமோ? இதைச் சரிபார்ப்பது எளிது. வாடிக்கையாளர் மாதிரி வங்கிக்குப் போன் செய்தேன்.

"உதவி மேனேஜர் ஜெசிந்தா மேடம் இருக்காங்களா?"

"மீட்டிங்ல இருக்காங்கம்மா. நகைக்கடனா?"

"இல்ல. இருக்காங்களான்னு தெரிஞ்சா போதும்."

"இப்ப இருக்காங்க. ஜூன்ல லால்குடி கிளைக்கு மேனேஜரா போறாங்க, லிஸ்ட்ல அவங்க பேரு மொதல்ல இருக்கு. அதுக்கு முன்னாடி வந்து பார்த்துக்குங்க" என்றான் அந்தப் பையன், சந்தோஷமாக.

போனை வைத்தேன். மேனேஜர் பதவி. பதினான்கு வருடம் காத்திருந்தது. அதைத்தான் 'போனா போகட்டும்' என்கிறாள். ஒரு வருடம் விடுப்பில் போனால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கையில் வந்த பரிசுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போகிற குழந்தையைப் பார்த்தால் டீச்சருக்கு என்ன தோன்றும்? எங்கேயோ எதற்கோ பயப்படுகிறது என்று தோன்றும்.

குவைத்துக்குப் போகப் போகிறாளோ? அப்படியானால் நான்?

மார்ச் 21, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஜெசிந்தா மட்டும் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். வங்கியில் அப்படி என்ன வேலையில்லாத நாள்? கதவைத் திறந்து நேராகச் சமையலறைக்கு வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தரை குளிர்ச்சியாக இருக்கிறது, முதுகுக்கும் நல்லது, நாற்காலி வேறு ஆடுகிறது.

"போன் பண்ணேன், நாலு தடவ. எடுக்கல" என்றாள். மூச்சு வாங்கியது.

"கை ஈரம்."

"கீரை எங்க அத்தை?"

பாருங்கள், கீரை எங்கே என்று கேட்கிறாள். சந்தேகப் புத்தி.

மார்ச் 22, சனி

வலது முழங்கையில் கன்றிப் போயிருக்கிறது. எங்கே இடித்தது என்று தெரியவில்லை.

மார்ச் 29, சனி

வீட்டில் மாற்றங்கள். எவர்சில்வர் டம்ளர்களை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, பிடி வைத்த பெரிய கோப்பைகளைக் கீழே வைத்திருக்கிறாள். கூடத்துக் கால்மிதியைக் காணோம். கேட்டால், "பழசாயிடுச்சு" என்கிறாள். வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை.

குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோது மாடிப்படியில் அவளும் கமருன்னிசாவும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கமருன்னிசா கையை நீட்டி விரல்களை ஏதோ உருட்டுவதுபோல் காட்டினாள். என்னைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் சீட்டுப் பிடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஆமா டீச்சர், உங்களத்தான் ஜாமீன் போடலாம்னு இருக்கோம்" என்றாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. ஆனால் சிரிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். நான் குப்பை வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாளி கனம்.

ஏப்ரல் 5, சனி

இன்று பிடிபட்டது.

பத்து மணிக்கு ஒரு ஆள் வந்தான், தோளில் கருவிப் பை. ஜெசிந்தா அவனைக் குளியலறைக்கு அழைத்துப்போனாள். நாடாவைப் பிடித்துச் சுவரை அளந்தார்கள். வாசல்படியை அளந்தார்கள். என் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அளந்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"ஒழுகுது அத்தை."

ஒழுகுவதற்குக் கட்டிலை ஏன் அளக்க வேண்டும்? எட்டாம் வகுப்புக் கணக்கைப்போல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் வேலையை விடுகிறாள். டோமினிக்குக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது. வீட்டை அளக்கிறார்கள். பொருட்களை இடம் மாற்றுகிறார்கள். விடை ஒன்றுதான் வருகிறது. அவள் குவைத்துக்குப் போகிறாள், வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள், என்னை ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறார்கள். எங்கள் கோவிலுக்கு வந்துகொண்டிருந்த மரியசெல்வத்தை அவள் பிள்ளைகள் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போகிற அன்று காலைவரை அவளுக்குத் தெரியாது. வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று சொல்லி, காரில் ஏற்றினார்களாம்.

ஜெசிந்தா அப்படிச் செய்வாளா? பன்னிரண்டு வருடம் ஒரே சமையலறை. என் கணவர் இறந்தபோது என்னோடு ஒரே பாயில் படுத்தவள். ஆனால் கணக்குக்கு அதெல்லாம் தெரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

டோமினிக் பேசினான். "அம்மா, டாக்டரப் பார்த்து நாளாச்சே, ஒரு தடவ போயிட்டு வாங்களேன்" என்றான். சேர்ப்பதற்கு முன்னால் இல்லத்தில் மருத்துவச் சான்று கேட்பார்கள். மரியசெல்வத்துக்கும் கேட்டார்கள்.

போகமாட்டேன் என்றேன். வெயில், கூட்டம், அந்த டாக்டர் வேறு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஒவ்வொரு வருடமும் குருத்தோலையில் சிலுவை மடித்து இந்தக் கட்டடத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பேன். இந்த முறை மடிக்கவில்லை. ஓலை காய்ந்துவிட்டது, முற்றலும்கூட, முன்னைப்போல் யாரும் மதிப்பதுமில்லை.

மாலையில் பார்த்தால் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை செருகியிருந்தது. கோணல். நடுமுடிச்சு தளர்ந்து போயிருந்தது. ஜெசிந்தாவுக்கு மடிக்கத் தெரியாது. அதே ஓலைதான். பச்சையாக, வளைகிற பதத்தில்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இனிப் பொறுக்க முடியாது என்று, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"எந்த இல்லம்?"

"எந்த இல்லம் அத்தை?"

"அதத்தான் நான் கேக்குறேன். டவுன்லயா, வெளிய எங்கயாவதா? காருக்குச் சொல்லிட்டீங்களா? வேளாங்கண்ணின்னு மட்டும் சொல்லாத. அந்தப் பாடத்த நான் படிச்சாச்சு."

அவள் குழாயை மூடினாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"மேனேஜர் திருப்பி அனுப்பிட்டாரு. காரணம் எழுதணுமாம். எழுதியிருக்கேன். செவப்புப் பேனா உங்ககிட்டதான இருக்கு, திருத்திக் குடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'ஐயா, என் மாமியார் வீட்டில் தனியாக இருக்கும்போது கீழே விழுகிறார். எனவே எனக்கு ஓராண்டு காலம் சம்பளமில்லா விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

ஒரு காரணம். ஒரே வரி.

"யாரு விழுந்தா?" என்றேன்.

"கீரையே இல்லாம கீரை ஆஞ்சது யாரு அத்தை?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"அந்த ஆளு வந்தது குளியலறையில கைப்பிடிக் கம்பி வைக்க. கட்டில்லேருந்து கதவு வரைக்கும் சுவத்துல ஒண்ணு. கமருக்கா போன மாசமே சொன்னாங்க, கை நடுங்குற விதத்தப் பார்த்தா நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும்னு. நீங்க டாக்டர்னாலே கதவச் சாத்துறீங்க."

"மொத லெட்டர்ல ஏன் இத எழுதல?"

"உங்களப் பத்தி ஆபீஸுக்கு எழுத மனசு வரல."

"என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மூணு காரணம் சொல்லுவீங்க" என்றாள்.

குழாயைத் திறந்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

"லால்குடி?" என்றேன் அவள் முதுகைப் பார்த்து.

"வேற யாராவது போவாங்க."

"பதினாலு வருஷம்டி."

"தெரியும். ஆபீஸ்ல உக்காந்து போன் அடிக்கிறேன். மணி போயிக்கிட்டே இருக்கு, நீங்க எடுக்கல. அப்ப எதிர்ல யாரு என்ன பேசுறாங்கன்னே எனக்குக் காதுல விழல. அப்படி ஒரு மேனேஜர் எதுக்கு?"

திருத்த ஒன்றும் இல்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன், கையில் சிவப்புப் பேனாவோடு. மூன்று காரணம் வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டேன். காப்பியில் ஒன்று. பங்குத் தந்தைக்கு எழுதிய சீட்டில் ஒன்று. நாற்காலி, டாக்டர், ஓலை. அலங்காரமேரி இதைக் கொடுத்திருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்து முட்டி போட வைத்திருப்பேன்.

காப்பியை விட்டது, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்துவதால். வாசகம் வேண்டாம் என்றது, புத்தகம் கையில் ஆடுவதைக் கோவில் முழுக்கப் பார்க்கும் என்பதால்.

மார்ச் 21-ஆம் தேதியில் 'எழுத ஒன்றும் இல்லை' என்று இருக்கிறது. அதைக் கோடு போட்டால் மட்டும் போதாது, எழுதியாக வேண்டும். அன்று பதினொன்றரைக்குச் சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் போனது. விழுந்தேன். எழுந்திருக்கத் தெரியவில்லை. போன் கூடத்தில் நான்கு முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாவி திருப்பும் சத்தம் கேட்டதும் எப்படியோ சுவரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். கீரை ஞாபகம் வந்தது அப்போதுதான்.

அது முதல் தடவையும் இல்லை. மூன்றாவது. முந்தைய இரண்டும் ஜெசிந்தா அந்த முதல் விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பே நடந்தவை, அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோவிலிலிருந்து கஞ்சி வந்தது. ஜெசிந்தா பிடி வைத்த கோப்பையில் ஊற்றி எனக்கு முன்னால் வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் சிந்தியது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் முறைப்படி ஒரு கடிதம் எழுதி ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் போட்டு. எழுத்து எறும்பாகத்தான் இருந்தது, அவளால் படிக்க முடிந்தது.

'அம்மா, எனக்குக் கை நடுங்குகிறது. நான் விழுகிறேன். எனவே நாளை என்னை டாக்டரிடம் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

நின்றபடியே படித்தாள். "ரெண்டு காரணம் இருக்கே அத்தை."

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிய ரொம்ப நேரமானது, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

உட்கார்ந்து பேசினோம். ஒரு வருடம் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் ஜெசிந்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் ஒரு பெண்ணை வைக்கலாம் என்றேன்.

"இதையே தீபாவளிக்கு முன்னாடி நான் சொன்னேன். திருடுவாங்கன்னீங்க. உப்பு அள்ளிப் போடுவாங்கன்னீங்க. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு ஆளுன்னீங்க."

"மூணு" என்றேன்.

கமருன்னிசா பிரியாணியோடு இறங்கி வந்தாள். ஈஸ்டருக்கு வருடா வருடம் அவள் கொண்டுவருவது. விஷயத்தைக் கேட்டதும், "பழைய ஆஸ்பத்திரில என்கூட ஆயாவா இருந்த ராக்காயிய அனுப்புறேன் டீச்சர். ஆனா அவ உங்களவிட அதட்டுவா, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜெசிந்தா தாளை எடுத்து 'ஓராண்டு காலம்' என்பதை அடித்து 'ஒரு மாத காலம்' என்று எழுதினாள். டாக்டர், மாத்திரை, ராக்காயி, கைப்பிடிக் கம்பி எல்லாம் எப்படிப் போகிறது என்று மே கடைசியில் பார்த்து, அவள் முடிவு செய்வாள். லால்குடி அதுவரை காத்திருக்குமா என்பது வங்கியின் கையில். காத்திருக்காமலும் போகலாம். காரணத்தை மட்டும் அவள் அடிக்கவில்லை, மாற்றவும் இல்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நரம்பு டாக்டர் இளம் பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக் காட்டச் சொன்னாள். நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். ஒரு வரி எழுதச் சொல்லி அளவுகோலால் எழுத்தை அளந்தாள். என் எழுத்தை இன்னொருவர் அளப்பது இதுவே முதல் முறை.

"எத்தனை நாளா இருக்கும்மா இந்த நடுக்கம்?"

பேனா சரியில்லை என்பதில் ஆரம்பிக்க வாய் வந்தது. பக்கத்தில் ஜெசிந்தா மடியில் கைப்பையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்றரை வருஷம்" என்றேன்.

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது ஆறு மாதம் என்றுதான் தெரியும். டாக்டர் எழுதிக்கொண்டாள். அந்த நோயின் பெயரைச் சொன்னாள். முழுதாகப் போகாது, மாத்திரையும் பயிற்சியும் ஒழுங்காக இருந்தால் வெகுகாலம் தள்ளலாம், முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றாள். வெளியே வந்ததும் ஜெசிந்தா என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைக்குள்ளும் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டோ வரும்வரை விடவில்லை.

இந்த நோட்டு என்றாவது யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பழக்கம் விடவில்லை. உங்களுக்கு வேண்டியவரிடம் கடைசியாகச் சொன்ன ஒரு காரணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, உண்மையான ஒன்றை மட்டும் எழுதி, இன்றே அவர் கையில் கொடுங்கள்.